அந்த வளைவில் சேர்ந்த வண்டல்

அந்தக் கால்வாயை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. அதன் கரையில் இருந்த வீட்டைப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரியை அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனால் நான் ஆற்றுப் பொறியியல் படிக்கத் திருச்சியிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்தவள். ஜன்னலைத் திறந்தால் ஹூக்ளியின் ஓதம் கால்வாய்க்குள் ஏறி இறங்குவதைப் பார்க்கக்கூடிய ஓர் அறை கிடைக்கும்போது, நாற்றத்தைக் காரணம் காட்டி வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியை இறக்கினேன்.

டாக்குரியா ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பிறகு ஆட்டோவும் நுழையாத சந்தில் நடந்து போக வேண்டிய வீடு. கீழே வீட்டுக்காரி தனியாக இருந்தாள். கணவர் போய்ப் பல வருடங்கள். எல்லோரும் அவளை மாஷிமா என்பார்கள். நம் பெரியம்மா, சித்தி மாதிரி ஒரு சொல். உறவு அந்தச் சொல்லோடு சரி. மாடி அறையில் நானும், செக்டர் ஃபைவில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஒரு மதுரைப் பெண்ணும் இருந்தோம். நாங்கள் கறிவேப்பிலை தாளித்தால் மாஷிமா கீழேயிருந்து இருமுவாள். அவள் கடுகெண்ணெயில் மீன் பொரித்தால் நாங்கள் இருமக் கூடாது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் நீண்டால் போதும், "மாட்ராஜிப் பொண்ணுங்க தொட்டியக் காலி பண்ணிட்டுத்தான் வெளிய வருவாங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாள். அவள் வங்காளத்திலும் அரைகுறை இந்தியிலும் திட்டியதைத்தான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன். மூலத்தில் காரம் இன்னும் கூடுதல்.

கால்வாய் அவள் வீட்டின் பின்பக்கம் வளைந்து திரும்பியது. வளைவின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் வேகமாக ஓடும், கரையை அரிக்கும். ஆறு படிப்பவர்களுக்கு இது முதல் வாரத்துப் பாடம். மாஷிமாவின் வீடு அந்த வெளிப்பக்கத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு மழைக்காலமும் அவள் கொல்லையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனது. துவைக்கிற கல் போயிருந்தது. அவள் புருஷன் வைத்த கொய்யா மரம் போயிருந்தது. சமையலறையின் பின்சுவரில் ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கான்கிரீட் சுவர்.

"நீ ஆறு படிக்கிறவதானே? சுவர் எப்ப வரும்னு உங்க வாத்தியாரக் கேட்டுச் சொல்லு" என்றாள் ஒருநாள்.

"சுவர் கட்டினா தண்ணி எதிர்க்கரைக்குப் போய் அடிக்கும் மாஷிமா. அங்கயும் வீடு இருக்கு" என்றேன்.

"எதிர்க்கரைக்காரங்களா உனக்கு ரூம் குடுத்தாங்க?"

எங்கள் பகை அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கு முன் இருந்ததெல்லாம் வெறும் சிடுசிடுப்பு.

அவள் சொன்ன வாத்தியார் என் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர். அவர் சுவர்களின் ரசிகர். களப்பயணம் என்று கிடர்பூர் பக்கமோ கார்டன் ரீச் பக்கமோ அழைத்துப்போனால், ஆற்றை விட்டுவிட்டு ஆற்றோரச் சுவர்களைத்தான் காட்டுவார். இது இந்த வகை, அது அந்த வகை என்று கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகம் செய்வதுபோல் சொல்லிக்கொண்டே நடப்பார். ஆற்றை அதன் போக்கில் விட்டு, மண்ணாலும் புல்லாலும் கரையை மீட்பது என்பதெல்லாம் அவருக்கு வெளிநாட்டு ஃபேஷன். பாடத்திட்டத்தில் இருந்த பாவத்துக்காக நடத்துவார். நடத்தும்போது விளக்கெண்ணெய் குடித்த முகமாக இருக்கும்.

அப்படிப்பட்டவரிடம் போய், எங்கள் வீட்டுப் பின்பக்கத்து வளைவில் சிமெண்ட் இல்லாமல் கரையைத் திரும்ப வளர்க்கப்போகிறேன், அதுதான் என் ஆய்வு என்று சொன்னேன். அதே வளைவுக்கு அவர் பாசனத் துறைக்காக ஏற்கெனவே ஒரு சுவர் வரைந்துகொண்டிருந்தார். வகுப்பில் எல்லோரையும் வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மண்ணைக் காட்டு. மழைக்கு முன்னால் அங்கே மண் வந்துவிட்டால் நான் சுவர் வரைபடத்தை மூடி வைக்கிறேன். வரவில்லை என்றால் சுவரும் வரும், நீயும் இன்னொரு வருஷம் எங்களோடு இருக்கலாம்."

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த வளைவு மேல் எனக்கு அதுவரை பெரிய அன்பு ஒன்றும் இருந்ததில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

நான் செய்ய நினைத்தது பெரிய வித்தை இல்லை. மழை நின்ற மாதங்களில் ஓதம் ஏறும்போது தண்ணீர் ஹூக்ளியிலிருந்து கலங்கலாக உள்ளே வரும். அந்தக் கலங்கல் முழுக்க வண்டல். தண்ணீரின் வேகத்தைக் கொஞ்சம் தடுத்தால் வண்டல் அங்கேயே படியும். தடுப்பதற்கு மூங்கில் முளை அடித்து, வைக்கோலும் கிளையும் கட்டிய படல்களை வரிசையாக நிறுத்தினால் போதும். படலுக்குள் தண்ணீர் நுழையலாம், ஆனால் ஓட முடியாது. படிந்த மண்ணில் புல் முளைத்து வேர் பிடித்துவிட்டால், படல் அழுகிப் போனாலும் கரை நிற்கும். ஓதம் அதன்மேல் ஏறும், இறங்கும், யாரையும் அடிக்காது.

முதல் முயற்சியில் மானம் போனது. படல்களை எங்கள் ஊர் ஆற்றில் வைப்பதுபோல் ஒரே பக்கம் சாய்த்து வைத்தேன். நாங்கள் பார்த்த ஆறெல்லாம் ஒரே திசையில் ஓடுபவை. இங்கே ஜோவார் என்று ஒன்று வரும். தண்ணீர் கடல் பக்கமிருந்து திரும்பி ஏறும். புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன், கைக்கு மட்டும் அது தெரியவில்லை. அடுத்த ஜோவார் அத்தனை படலையும் பின்பக்கமாகப் பிடுங்கி எறிந்தது. மாஷிமா சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்தியா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லப் பதில் இருந்தது. வாடகைக்கு இருப்பவள் சொல்லக்கூடிய பதில் இல்லை அது.

பிறகு பூஜை வந்தது. தசமி முடிந்து துர்க்கை சிலைகளைக் கால்வாயின் படித்துறையில் இறக்கினார்கள். களிமண் கரைந்தது, சாயம் மிதந்து போனது, உள்ளே இருந்த மூங்கிலும் வைக்கோலும் மிஞ்சின. அவற்றைத் துப்புரவு ஆட்கள் இழுத்துப் படித்துறையில் குவித்திருந்தார்கள். முடியும் முகமும் இல்லாத வைக்கோல் உடல்கள். ஒவ்வொன்றிலும் விரித்த கைகள். கயிற்றுக் கட்டு அத்தனை இறுக்கம், நான் வாரக் கணக்கில் உட்கார்ந்து கட்டினாலும் அப்படி வராது. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எடுத்துத் தொலை, எங்களுக்கு வேலை மிச்சம் என்று கையை ஆட்டினார்கள்.

மதுரைக்காரி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தாள். வரும் வழியெல்லாம் புலம்பல்.

"ஏய், இது சாமி கட்டைடி. எங்கூர்ல இப்படித் தூக்கிட்டுப் போனா வெட்டிப்புடுவாய்ங்க."

"சாமி அப்பவே கெளம்பிப் போயாச்சு. இது வெறும் வைக்கோலு."

"போன சாமி திரும்பி வந்து கேட்டா நான் ஒன் பேரத்தான் சொல்லுவேன்" என்றாள்.

நீர் வற்றிய நேரம் பார்த்து இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று, அந்த உடல்களை இந்தத் தடவை நேராக, எந்தப் பக்கமும் சாயாமல், கரைக்குக் குறுக்காக நட்டோம். கைகளை ஒன்றோடொன்று பின்னிக் கட்டினோம். சுற்றி இருந்த பால்கனிகளில் எல்லாம் ஆள். ஒருவரும் இறங்கி வரவில்லை. சந்து முனையில் இருந்த, பூஜைகளை நடத்தும் கிளப்பின் செயலாளர், பேட்டையில் எந்த விஷயம் நடந்தாலும் தன்னைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்று நினைக்கும் மனிதர், டீ டம்ளரோடு வந்து வெகுநேரம் நின்றார். போகும்போது, "பெண்களுக்கு வேறு படிப்பே கிடைக்கவில்லையா?" என்று பொதுவாகக் காற்றிடம் கேட்டுவிட்டுப் போனார்.

மண் வந்தது.

சும்மா வரவில்லை. வாரத்துக்கு வாரம் ஏறியது. நான் நட்டிருந்த அளவுகோலின் அடிப்பட்டைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஜோவார் உள்ளே வரும், வைக்கோல் கைகளுக்கு நடுவில் தயங்கி நிற்கும், பாட்டா என்கிற இறக்கத்தில் தெளிந்த தண்ணீராக இறங்கும். பழுப்பு நிறத்தில் பளபளவென்று புது மண். ஓரத்தில் கோரை முளைத்தது. ஒரு கொக்கு வர ஆரம்பித்தது. எனக்கு வெட்கம் கெட்ட சந்தோஷம். வகுப்பில் இருக்கும்போதுகூட அந்தச் சேற்றின் ஞாபகம் வந்து சிரித்துக்கொள்வேன். நாற்றம் என்றைக்கு என் மூக்கில் ஏறாமல் போனது என்று எனக்கே தெரியவில்லை.

பேராசிரியர் ஒருநாள் வந்து பார்த்தார். ஷூவைக் கழற்றாமல் ஓரத்தில் நின்று, குடையின் நுனியால் மண்ணைக் குத்தினார். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என்று எதிர்பார்த்து, முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு நின்றேன்.

"இது யாருடைய இடம்?" என்று கேட்டார்.

"கால்வாயுடையது, சார்."

தலையை ஆட்டினார். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. மண்ணைக் காட்டிவிட்டேன், இனி அவர் வரைபடத்தை மூடி வைத்தாக வேண்டும் என்ற நினைப்பிலேயே திரிந்தேன்.

அங்கே தை மாதத்தில் வரும் சரஸ்வதி பூஜைக்கு முந்தின காலை லாரி சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தேன். என் மண்ணின்மேல் உடைந்த செங்கலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதன்மேல் பலகை, பலகையின்மேல் பந்தல். கோரையெல்லாம் செங்கலுக்கு அடியில். பல் தேய்க்காத வாயோடு கீழே ஓடினேன். செயலாளர் புது பஞ்சாபி ஜிப்பா அணிந்து ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"இது கால்வாயோட படுகை. இதுல ஒண்ணும் கட்டக் கூடாது. நான் வளத்த மண்ணு இது" என்றேன். கோபத்தில் வங்காளமும் இந்தியும் தமிழும் கலந்து வந்தது.

அவர் பொறுமையாகவே பேசினார். அந்தப் பொறுமைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ எதை வைத்து வளர்த்தாய்? எங்கள் மா துர்க்கையின் உடலை வைத்து. நாங்கள் தண்ணீரில் விட்ட தாய், போகாமல் இங்கேயே நின்று, தன் கையாலே மண்ணைப் பிடித்து எங்களுக்குக் கொடுத்திருக்கிறாள். பேட்டையில் எல்லோரும் பார்த்தார்கள். மா கொடுத்த இடத்தில் மாவுக்குப் பந்தல் போடாமல் வேறு எங்கே போடுவது?"

பால்கனிகளில் தலைகள் ஆடின. நான் வைக்கோல் என்று நினைத்து நட்டதை அத்தனை மாதமும் அவர்கள் வேறு கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எந்த ஊரிலும் ஆய்வுக்குப் படல் கட்டியவள் ஒரு கிளப்புக்கு நிலப்பட்டா எழுதிக் கொடுத்திருக்க மாட்டாள். மதுரைக்காரி மட்டும் அறைக்கு வந்ததும் சொன்னாள்: "அன்னைக்கே சொன்னேன்ல, அது சாமி கட்டைன்னு."

பந்தலைப் பிரித்தார்கள், செங்கலை எடுக்கவில்லை. அதற்குள் மாஷிமா விழித்துக்கொண்டாள். புருஷன் கொல்லையைக் கால்வாய் தின்றது, இப்போது திருப்பிக் கொடுத்திருக்கிறது, இதில் கிளப்புக்கு என்ன வேலை என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். செயலாளர் மா என்றார், இவள் புருஷன் என்றாள். இரண்டு பேரும் சந்துக்கே கேட்கும்படி கத்திக்கொண்ட அந்த வாரம் எனக்குக் கொஞ்சம் இனிப்பாகவே கழிந்தது. அடித்துக்கொண்டு சாகட்டும், மண் தப்பித்துவிடும் என்று நினைத்தேன். அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். படித்துறைப் பக்கம் கிளப்புக்கு, வீட்டுப் பக்கம் மாஷிமாவுக்கு. மாஷிமா வேலி கட்டிப் பூசணி போட்டாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரே குரலில், இத்தனை நல்ல இடத்தை மழை கொண்டுபோகாமல் இருக்கச் சுவர் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

நான் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் மேசைமேல் அந்த வளைவின் வரைபடம் விரிந்து கிடந்தது. சுவரின் கோடு முன்பு வீட்டை ஒட்டி இருந்தது. இப்போது என் மண்ணையும் உள்ளே சேர்த்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நகர்ந்திருந்தது.

"மண் வந்தால் மூடி வைப்பேன் என்று சொன்னீர்கள் சார்."

"சொன்னேன். அப்போது அங்கே காப்பாற்றுவதற்கு ஒன்றுமில்லை. இப்போது நிலம் இருக்கிறது. நீதான் உருவாக்கினாய். உன் அளவுகள் மிக நன்றாக இருக்கின்றன, நான் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்."

அது நிலம் இல்லை, ஓதம் ஏறி இளைப்பாறுகிற இடம், அதை அடைத்தால் கால்வாய் இன்னும் குறுகும், மழைத் தண்ணீர் எதிர்க்கரைக் குடிசைகளுக்குள்தான் போகும் என்று எனக்குத் தெரிந்த அத்தனை வாதத்தையும் வைத்தேன். அவர் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒருமுறை பேனாவைத் திறந்து மூடினார். கடைசியில், ஆய்வின் தலைப்பில் கரை மீட்பு என்று இருப்பதை நிலமீட்பு என்று மாற்றிவிடு, இன்னும் எடுப்பாக இருக்கும் என்றார். மாற்ற மாட்டேன் என்றேன். அதற்காக அவர் கையெழுத்துப் போடாமல் இல்லை. என் அளவுகள் செல்லாது என்று ஆகிவிட்டால் அவர் சுவருக்கும் கால் இருக்காது. படிப்பில் தேறினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கசப்பாக எதிலும் தேறியதில்லை.

வெயில் ஏறிய ஒரு பிற்பகலில் மாஷிமா என்னைக் கீழே கூப்பிட்டாள். அவள் சமையலறைக்குள் நான் அதுவரை கால் வைத்ததே இல்லை. ஒரு மணையைத் தள்ளி உட்காரச் சொன்னாள். தட்டில் பூசணிப்பூ பஜ்ஜி, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்தது.

"சாப்பிடு மா. உன் மண்ணுல பூத்தது" என்றாள்.

மா என்றாள். மாட்ராஜி என்று சொல்லவில்லை. அந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பஜ்ஜி மொறுமொறுவென்று இருந்தது, உள்ளே பூ இளகி இனித்தது. நன்றாக இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை எடுத்தேன். அவள் மேலும் இரண்டை என் தட்டில் வைத்தாள்.

"அடுத்த வாரம் சுவருக்குக் கோடு போட வர்றாங்க. அவங்கள நான் நம்பல. உங்க வாத்தியாரையும் நம்பல. மண்ணு வரும்னு நீ சொன்ன, வந்துச்சு. எங்க கட்டினா விழாம நிக்கும்? நீ காட்டு, அங்க போடச் சொல்றேன்."

அவள் முகத்தில் கிண்டல் இல்லை. அத்தனை மாதச் சண்டையில் ஒருமுறைகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. பூசணிக் கொடியைச் சுற்றி ஒரு கோடு காட்டியிருந்தால் போதும். அன்றைக்கு ராத்திரி மீன் குழம்புகூட மாடிக்கு வந்திருக்கும்.

எழுந்தேன். வாசற்படியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் தொட்டு எடுத்தேன். நான் வரைந்திருந்த வரைபடத்தில் கால்வாய்க்கு எவ்வளவு இடம் தேவை என்பது எனக்கு மனப்பாடம். அந்தக் கோட்டைச் சிவப்புச் சிமெண்ட் தரையின் குறுக்கே இழுத்தேன். அடுப்புக்கும் அவள் உட்கார்ந்திருந்த மணைக்கும் நடுவில் அது போனது. அடுப்பு கால்வாயின் பக்கம் விழுந்தது.

"இங்க" என்றேன். "இதுக்கு அந்தப் பக்கம் எதக் கட்டினாலும் அது தண்ணியோட இடம். இன்னைக்கு இல்லாட்டியும் ஒருநாள் கேக்கும்."

மாஷிமா கோட்டைப் பார்த்தாள். பின்சுவரின் விரிசலைப் பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பினாள், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். அதில் இன்னும் இரண்டு பஜ்ஜி இருந்தது. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துவிடச் சொல்லிவிட்டு, ஈரத்துணியை எடுத்துக் குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.